காற்றைக் கேட்டு எழுதியவர்

எடை அறைக்குள் போகும் முன்பு அந்த மேடம் வாசலில் நின்று மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிடுவார். பிறகுதான் கதவைத் திறப்பார். முதல் வாரம் அதைப் பார்த்தபோது அவருக்கு இளைப்பு நோய் என்று நினைத்துக்கொண்டேன். தூதுவளை ரசம் வைத்துக் குடிக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். சொல்லவில்லை. எனக்கு யாரிடமும் வலியப் போய்ப் பேச வராது.

மைசூரின் ஓரத்தில் இருந்த ஒரு பரிசோதனைக் கூடம் அது. கடைகளின் எடைக்கல், தொழிற்சாலைகளின் தராசு, எண்ணெய் அளக்கும் குவளை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். நான் அங்கே ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்த்தேன். எங்கள் ஊர் கௌதள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள். எனக்கு அந்த இடத்தில் விளக்குமாறும் துடைப்பத் துணியும் தவிர எதுவும் புரியாது. மேடத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண். அவர் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. நடுவில் ஏதாவது புரியாவிட்டால் இருவரும் கன்னடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவோம்.

எடை அறை பத்துக்குப் பதினைந்து அடி. எப்போதும் குளிர். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு. சுவரோரப் பலகையில் மூன்று சிறிய கருவிகள். ஒன்று அறையின் சூட்டைச் சொல்லும், ஒன்று காற்றின் அழுத்தத்தைச் சொல்லும், ஒன்று காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லும். மேடம் எதையும் நிறுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் பார்த்து, நோட்டில் எழுதி, நீளமாக ஒரு கணக்குப் போடுவார். அங்கே இருந்த கம்ப்யூட்டரே அந்தக் கணக்கைப் போட்டுவிடும். ஆனாலும் கையால் போட்டுப் பார்க்காமல் அவரால் உட்கார முடியாது. போட்டுவிட்டாலும் உட்கார மாட்டார். எழுந்து போய் மறுபடி மூன்றையும் பார்ப்பார்.

யார் எதை நிறுத்துக்கொண்டு வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“காத்தைக் கேட்டாச்சா?”

ஜீப் ஓட்டுகிறவர் தமிழர், வாய்த்துடுக்கு அதிகம். மேடம் வண்டியில் ஏறியதும், டயர்க் காற்றைக் கேட்டுவிட்டேன், கிளம்பலாமா என்பார். மேடத்துக்கு அது கேலி என்று படாது. “எவ்ளோ சொல்லித்து?” என்று திருப்பிக் கேட்பார். அவர் அழுத்தம் இவ்வளவு என்று சொல்லும்வரை வண்டி கிளம்பாது.

எதற்காக இந்தக் காற்றுக் கணக்கு என்று ஒரு நாள் அவரே எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. அன்று அறைக்கு வெளியே நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்தபடி, காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

கிணற்றில் குடத்தை இழுக்கும்போது தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக இருக்கிறதல்லவா, வெளியே வந்ததும் கனக்கிறதல்லவா என்றார். காற்றும் அப்படித்தானாம். நாம் எல்லாரும் காற்றுக்குள் முங்கிக் கிடக்கிறோமாம். காற்று ஒவ்வொரு பொருளையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்கிறதாம். பெரிய பொருளை அதிகம் தூக்கும், சின்னதைக் குறைவாகத் தூக்கும். ஒரு கிலோ இரும்பும் ஒரு கிலோ கண்ணாடியும் தராசில் ஒன்றுபோல நிற்காது, ஏனென்றால் கண்ணாடி அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எவ்வளவு தூக்குகிறது என்று தெரிய வேண்டுமானால் அன்றைக்கு அந்த அறையில் காற்று எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டும்.

“காத்துக்கு ஏதுங்க மேடம் கனம்?” என்று கேட்டுவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

“நீங்க எவ்ளோ இருப்பேள் அக்கா?”

“நாப்பத்திரண்டுங்க. ரேஷன் கடைல ஏறிப் பாத்தனுங்க.”

“இந்த ரூமுக்குள்ள இருக்கற காத்து உங்களைவிட ஜாஸ்தி.”

நான் நம்பவில்லை. அவர் உடனே நோட்டை எடுத்து, அறையின் நீளம் அகலம் போட்டுப் பெருக்கி, நாற்பத்தாறு நாற்பத்தேழு கிலோ என்று காட்டினார். அதோடு விடவில்லை. ரேஷன் கடைத் தராசு எனக்குச் சொன்ன எடையும் முழுசு இல்லையாம். என்னைக் காற்று தூக்கிப் பிடிப்பதில் ஒரு கோழிமுட்டை கனம் குறைந்துவிடுகிறதாம்.

“அப்ப நான் இன்னும் கொஞ்சம் கனமுங்களா?”

“எல்லாரும்தான்” என்றார். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

இன்னொரு சமாசாரமும் சொன்னார், அதுதான் எனக்கு ரொம்ப நாள் தொண்டையில் நின்றது. ஈரக் காற்று காய்ந்த காற்றைவிட லேசாம். ஈரத் துணி கனம், ஈர மண் கனம், ஈர விறகு கனம். காற்று மட்டும் எப்படி லேசாகும்? மேடம் என் ஊர்ப்பக்கத்து பஸ்ஸையே எடுத்துக்கொண்டார். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கை இவ்வளவுதான். ஒரு தடித்த ஆள் இறங்கி அந்த இடத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்தால் பஸ் லேசாகுமா கனக்குமா? நீராவிதான் அந்தக் குழந்தை. அது ஏறினால் அதைவிடக் கனமான வேறு காற்று இறங்கியாக வேண்டும்.

“எங்கூரு பஸ்ல ஏறுவாங்க மேடம். ஒருத்தரும் எறங்க மாட்டாங்க.”

“அதனாலதான் உங்க ஊர் பஸ்ஸுக்கு என் கணக்கு செல்லாது” என்றார்.

இப்படிப் பேசும்போதே அவர் கண் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்குக்குப் போய்விடும். விளக்கு எரிந்தால் உள்ளே நிறுவை நடக்கிறது, யாரும் போகக் கூடாது. அவரோடு இருப்பது ஓடப்போகிற பஸ்ஸின் படிக்கட்டில் நிற்பது மாதிரி. சோற்று டப்பாவைத் திறந்து இரண்டு வாய் உண்டுவிட்டு, மேகம் கறுக்கிறதே என்று எழுந்து போய்விடுவார். டப்பா திறந்தபடி கிடக்கும். நான் மூடி வைப்பேன். ஒரு கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் இவர் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் பார்த்தார் என்று அவருடைய அக்காவே ஆபீசுக்கு வந்தபோது சொல்லிச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. மண்டபத்தில் ஆள் கூடக்கூட எத்தனை டிகிரி ஏறியது என்பதைச் சொன்னார்.

அந்தக் கண்ணாடி உருண்டை வந்த வருஷத்தைச் சொல்ல வேண்டும்.

சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிது. மரப்பெட்டியில் பஞ்சு மெத்தைக்கு நடுவே வந்தது. அது ஊர் ஊராகப் பல பரிசோதனைக் கூடங்களுக்குப் போகும். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்து, இது இவ்வளவு என்று எழுதி அனுப்ப வேண்டும். யார் சரியாக நிறுக்கிறார்கள், யார் தப்பு என்று கடைசியில் தெரிந்துவிடும். மேடத்துக்கு அது பரீட்சை. தசராவுக்கு முந்தின வாரம் வந்த உருண்டையை அறையில் வைத்து, அறையின் குளிருக்குப் பழகட்டும் என்று விட்டிருந்தார். ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டும் முடிந்து மறுநாள் நிறுப்பதாக ஏற்பாடு.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் ஆபீசே மணத்தது. ஜீப்புக்கு வாழைக்கன்று கட்டினார்கள். சக்கரத்தடியில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்குக் குங்குமம், தண்ணீர் மோட்டாருக்குச் சந்தனம், என் விளக்குமாற்றுக்குக்கூட யாரோ ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். எடை அறைக்கு மட்டும் கதவுக்கு வெளியே ஒரு மாலை. உள்ளே பூ, கற்பூரம், சாம்பிராணி எதுவும் கூடாது என்று மேடம் வருஷா வருஷம் சொல்வது.

சாயங்காலம் பூட்டுவதற்கு முன் காய்ந்த துணியால் தரையைத் துடைக்க உள்ளே போனேன். அந்த மூன்று கருவிகளையும் பார்த்தேன். மேடம் தினமும் போய்ப் போய்க் கேட்பது இவற்றிடம்தான். ஜெராக்ஸ் மெஷினுக்கு இருக்கிற மரியாதைகூட இவற்றுக்கு இல்லையே என்று மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் மடியில் மார்க்கெட்டில் வாங்கிய செவ்வந்திச் சரம் மீதி இருந்தது. அரை முழம் இருக்கும். நடுவில் இருந்த கருவிக்குப் பின்னால், சுவருக்கும் அதற்கும் இடையில், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாதபடி செருகி வைத்தேன். ஒரு நாள் லீவு இருக்கிறதே, வாடிவிடக் கூடாதே என்று நாரை ஈரத்துணியில் சுற்றியும் வைத்தேன். லீவு முடிந்து சீக்கிரம் வந்து எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

நடுவில் இருந்தது ஈரம் சொல்லும் கருவி.

விஜயதசமி அன்று ஊர்வலத்தில் யானைகள் நனைய நனைய மழை. மறுநாள் நான் ஏழு மணிக்கே போனேன். மேடம் அதற்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று சாயங்காலம் வரை அணையவில்லை. அதற்கடுத்த நாள் காலையில்தான் சரத்தை எடுக்க முடிந்தது. துணியைத் தொட்டால் விரலில் இன்னும் ஈரம் பட்டது. புடவையில் மறைத்து எடுத்துப்போய் வெளியே போட்டேன். அப்பாடா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பூ ஒரு கணக்கைக் கெடுக்கும் என்று எனக்கு அன்று தெரியாது.

மார்கழி பிறந்த பிறகு பதில் வந்தது. மற்ற எல்லா இடங்களும் ஏறக்குறைய ஒரே எடை சொல்லியிருக்க, எங்கள் கூடம் மட்டும் குறைத்துச் சொல்லியிருந்தது. எவ்வளவு என்று ஜீப் டிரைவர் கேட்டதற்கு, சர்க்கரையில் ஒரு துகள் என்று மேடம் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, இதற்கா இத்தனை கவலை என்றார். மேடம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு மேடம் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் என் கால் வலிக்கிறது. அறைக்கும் மேஜைக்கும், மேஜைக்கும் வாசலுக்கும். தராசைப் பிரித்துப் பார்த்தார். எடைக்கற்களை மறுபடி சோதித்தார். அன்று கதவு சரியாக மூடியிருந்ததா, யார் உள்ளே வந்தார்கள், குளிர் மெஷின் நின்றதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். என்னிடமும் கேட்டார். “யாரும் வரலீங்க” என்றேன். பொய் இல்லைதான்.

ஒரு நாள் நோட்டைத் திறந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குப்பைக் கூடையைக் காலி செய்துகொண்டிருந்தேன். அன்று ஈரம் மற்ற நாட்களைவிட அதிகம் காட்டியிருக்கிறது, ஆனால் மழை பெய்ததே, காட்டத்தானே செய்யும் என்றார். ஈரம் அதிகமென்றால் காற்று லேசு, காற்று லேசென்றால் அது உருண்டையைத் தூக்கியது குறைவு, அதனால் கணக்கில் உருண்டையும் குறைந்துவிடும் என்று விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். பஸ்ஸில் குழந்தை ஏறுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. கூடை என் கையிலிருந்து நழுவி, காகிதமெல்லாம் தரையில் கொட்டியது.

பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். தண்ணீர் வாளியை வைத்த இடம் மறந்து தேடினேன். சொன்னால் என் வேலை போகும். ஒப்பந்த ஆளை நிறுத்துவதற்கு ஒரு போன் போதும். வீட்டில் மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது.

பதினோராவது நாள் டைரக்டர் மேடத்தைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து எடை அறையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் எண்ணெய்க் குவளைகளைப் பாருங்கள் என்றார். கதவு திறந்திருந்ததால் நடைபாதையில் எல்லாருக்கும் கேட்டது.  மேடம் திரும்பி வந்து, தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மணி நேரமாக எழாமல் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு தரம் மேஜைவரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தரம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“மேடம், அந்த ஈரம் பாக்கற மிஷினுக்குப் பின்னால பூ வெச்சிருந்தனுங்க. பூஜை அன்னிக்கு.”

பேனா நின்றது.

“என்ன பூ?”

“செவந்திங்க.”

“எவ்ளோ?”

“அரை முழமுங்க. ஈரத்துணி சுத்தி வெச்சனுங்க.”

“எப்ப எடுத்தேள்?”

“நீங்க எடை போட்டதுக்கு மறுநாளுங்க.”

அவர் எழுந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். “ஏன் அப்பவே சொல்லலை?” என்று ஒரே ஒரு தரம் கேட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர ஒரு சொல் என்னிடம் பேசவில்லை. அது திட்டைவிட மோசம்.

அந்த மூன்று நாளும் என்ன செய்தார் என்றால், மார்க்கெட்டுக்குப் போய் அதே மாதிரி செவ்வந்தி அரை முழம் வாங்கி வந்தார். என்னைக் கூப்பிட்டு, அன்று வைத்த மாதிரியே வைக்கச் சொன்னார். அதே போல ஈரத்துணி சுற்றி, அதே இடத்தில் செருகினேன். அறையின் இன்னொரு மூலையில் இரவல் வாங்கிய இன்னொரு ஈரக் கருவியை வைத்தார். அறையைப் பூட்டினார். மூன்றாம் நாள் காலை திறந்து பார்த்தால் மூலையில் இருந்தது ஒன்று சொன்னது, பூவுக்கு முன்னால் இருந்தது வேறொன்று சொன்னது. மேடம் நின்றபடியே கணக்குப் போட்டார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து என்னைத் தேடினார்.

“அக்கா, சக்கரை கெடச்சுடுத்து” என்றார்.

டைரக்டருக்கு விளக்கக் கடிதம் எழுதினார். இங்கிலீஷில் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். பூஜைக்காகக் கருவிக்குப் பின்னால் ஈரமான பூ வைக்கப்பட்டிருந்தது, நிறுப்பதற்கு முன் கருவியின் பின்புறத்தை நான் பார்க்கவில்லை, இரண்டாம் கருவி வைத்து ஒப்பிடவும் இல்லை, உருண்டை திரும்பி வரும்போது மறுபடி நிறுக்க அனுமதி வேண்டும் என்று இருந்தது.

“வெச்சது நானுங்களே. என் பேரு இல்லீங்களே?”

“உங்க பேரை எழுதினா கணக்கு தப்பாயிடும். அந்த மெஷின் பொய் சொல்லலை அக்கா. தன் பக்கத்துல இருந்த காத்தைச் சொல்லித்து. நான்தான் அதை ரூம் முழுக்க இருக்கற காத்துன்னு எழுதிண்டேன்.”

எண்ணெய்க் குவளைக்கு மாற்றுவதை டைரக்டர் நிறுத்தி வைத்தார். உருண்டை மறுபடி வந்து எடை போட்ட பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார். பங்குனியில் வந்தது. நிறுக்கிற நாள் காலை மேடம் என்னை எடை அறைக்குக் கூட்டிப்போனார். மூச்சின் ஈரமும் அறைக்குள் சேரக் கூடாது என்று வாசலிலேயே இருவரும் மூச்சை விட்டுவிட்டு உள்ளே போனோம்.

“நீங்களே பின்னால பாத்துச் சொல்லுங்கோ” என்று கையால் காட்டினார்.

குனிந்து மூன்று கருவிகளுக்கும் பின்னால் பார்த்தேன். பலகைக்கு அடியில் பார்த்தேன். தராசுப் பெட்டிக்குப் பின்னால் பார்த்தேன். வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன். “ஒண்ணுமில்லீங்க.” மேடம் ஒரு தாளை நீட்டினார். தினமும் சூடு, அழுத்தம், ஈரம் எழுதும் தாள்தான். கடைசியில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டிருந்தார். பின்புறம் பார்த்தாயிற்று என்று அதற்குத் தலைப்பு. அதில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழில் போட்டேன். எழுத்து கோணிக்கொண்டது.

அவர் உள்ளே போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணைகிறவரை நான் வாளியைத் தொடவில்லை. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இந்த முறை எங்கள் எண் மற்றவர்கள் எண்ணோடு நின்றது. எடை அறை அவரிடமே இருந்தது. மேடம் அங்கே இருந்தவரை, விளக்கு எரியும் ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டத்தில் என் கையெழுத்து விழுந்தது. மேடம் நிம்மதியானார் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அவரும் ஒரு தரம் குனிந்து பார்ப்பார்.

பிறகு அவரை மங்களூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, அங்கே காத்து இங்கேயைவிடக் கனம், எல்லாம் புதுசாப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் விடைபெற்றது.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். மழை பிடித்தால் நானும் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. அலமாரிக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். பேத்தி, என்ன அஜ்ஜி தேடுகிறாய் என்று கன்னடத்தில் கேட்பாள். மேடம் போன கடலோரத்தில் ஈரம் அதிகம், ஈரக் காற்று லேசு. ஆனால் ஊர் தாழ்வு, அதனால் காற்று கனம். எதை எதோடு கூட்டி எதைக் கழிப்பது என்று எனக்குத் தெரியாது. அவர் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும்.